சாப்ளின் படங்களைத் திரையிடும் நண்பர்களுக்கு: மேபெல் நார்மண்ட் பற்றி ஒரு திறந்த மடல்

திரைப்படச் சங்கங்களை நடத்தும் நண்பர்களுக்கும், பள்ளி, கல்லூரிகளில் உலக சினிமா காட்டும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

அடுத்த முறை சாப்ளினின் ஆரம்பகாலக் குறும்படங்களைத் திரையிடும்போது, விளக்கை அணைப்பதற்கு முன் இன்னொரு பெயரையும் சொல்லுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். மேபெல் நார்மண்ட். தொளதொள கால்சட்டையும் கைத்தடியுமாக சாப்ளின் முதன்முதலில் கேமரா முன் வந்து நின்ற படத்தின் நாயகி அவர். அதை இயக்கியவரும் அவரே என்று இன்றைய ஆய்வாளர்களில் பெரும்பாலோர் சொல்கிறார்கள். அப்போது அவருக்கு வயது 21.

நம் திரையிடல்களில் இந்தப் பெயர் அநேகமாக வருவதேயில்லை. வந்தால் 'சாப்ளினின் ஜோடி' என்று ஒரு வரியில் முடிந்துவிடும். இல்லாவிட்டால் ஹாலிவுட் கொலை வழக்குகளைப் பற்றிய கதைகளில், ஏதோ ரகசியத்தை மறைத்த அழகியாக வருவார். நூறாண்டு கழித்தும் ஒரு கலைஞரை இந்த இரண்டு வழிகளில் மட்டுமே அறிமுகப்படுத்துவது பெரிய அநியாயம். உங்களைப் போல் படத்தைத் தேடிப்பிடித்துக் காட்டுகிறவர்களால்தான் இதைச் சரிசெய்ய முடியும். அதனால் அவருடைய தொழில் வாழ்க்கையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1892 நவம்பரில் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் பிறந்தவர் மேபெல். அப்பா தச்சு வேலை செய்தவர், வசதியில்லாத குடும்பம். பதின்வயதிலேயே மன்ஹாட்டனுக்கு வேலைக்குப் போய், ஓவியர்களுக்கு மாடலாக நின்று சம்பாதித்தார். சார்லஸ் டானா கிப்சன், ஜேம்ஸ் மாண்ட்கோமரி ஃபிளாக் போன்றவர்கள் வரைந்த பெண் முகங்கள்தான் அன்றைய அமெரிக்கப் பத்திரிகைகளை நிறைத்திருந்தன. அவர்கள் முன் மணிக்கணக்கில் அசையாமல் நின்ற பெண்களில் இவரும் ஒருவர்.

இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. அன்று சினிமாவுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் நாடகக்காரர்கள். மேரி பிக்ஃபோர்ட் மேடையிலிருந்து வந்தவர். சாப்ளின் சிறு வயதிலிருந்தே மேடையில் வளர்ந்தவர். கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தெரிய வேண்டுமே என்று கையையும் காலையும் பெரிதாக வீசிப் பழகிய உடம்பு அவர்களுடையது. மேபெலுக்கு மேடைப் பழக்கமே கிடையாது. நாலடி தூரத்திலிருந்து ஒருவர் தன் முகத்தைக் கூர்ந்து பார்க்கும்போது அந்த முகத்தை என்ன செய்வது என்பதைத்தான் அவர் கற்றிருந்தார். கேமராவுக்கு வேண்டியதும் அதுதானே. அவருடைய பழைய படங்களை இன்று பார்த்தாலும் சுற்றியிருப்பவர்கள் துள்ளிக் குதிக்க, இவர் ஒரு புருவத்தை மட்டும் உயர்த்துவது கண்ணில் படும்.

நியூயார்க் 14ஆவது தெருவிலிருந்த பயோகிராஃப் கம்பெனியில்தான் அவருடைய சினிமா வாழ்க்கை தொடங்கியது. நடுவில் புரூக்ளினிலிருந்த வைட்டகிராஃபுக்குப் போய், ஜான் பன்னி என்ற பருத்த நகைச்சுவை நடிகரோடு பெட்டி என்ற துடுக்குப் பெண்ணாக நடித்தார். மறுபடி பயோகிராஃபுக்கு வந்தார். அங்கே டி.டபிள்யூ. கிரிஃபித் என்ற இயக்குநர் அவருக்குச் சோக வேடங்களும் கொடுத்தார். 1912இல் வந்த 'தி மெண்டர் ஆஃப் நெட்ஸ்' படத்தில் மேரி பிக்ஃபோர்டோடு நடித்திருக்கிறார். ஆனால் அதே கம்பெனியில் நகைச்சுவைப் படங்களை எடுத்துக்கொண்டிருந்த மாக் சென்னெட் இவரிடம் கண்டது வேறு. தண்ணீரில் பாய்வார், உயரத்துக்கு அஞ்ச மாட்டார், விழுந்து எழுந்து சிரிப்பார். 1912இன் 'எ டேஷ் த்ரூ தி கிளௌட்ஸ்' படத்தில் பிலிப் பார்மலீ என்ற விமானியின் பக்கத்தில், திறந்த இருக்கையில், நிஜ விமானத்தில் பறந்தார். ரைட் சகோதரர்கள் முதன்முதலில் பறந்து பத்தாண்டுகூட ஆகாத காலம் அது. அந்தப் படம் வெளிவருவதற்குள் பார்மலீ வேறொரு விமான விபத்தில் இறந்துவிட்டார். மேபெல் எடுத்துக்கொண்ட ஆபத்து எப்படிப்பட்டது என்று இதிலிருந்தே தெரியும்.

அதே ஆண்டு சென்னெட் தனியாக கீஸ்டோன் கம்பெனியைத் தொடங்கினார். மேபெல், ஃபோர்ட் ஸ்டெர்லிங், ஃபிரெட் மேஸ் என்று சிலர்தான் கூட வந்தவர்கள். 1912 செப்டம்பரில் வெளியான அவர்களுடைய முதல் ரீலிலேயே (ரீல் என்பது பத்துப் பதினைந்து நிமிடம் ஓடும் ஒரு ஃபிலிம் சுருள்) மேபெல் நடித்த 'தி வாட்டர் நிம்ஃப்' இருந்தது. கீஸ்டோன் என்றால் இன்று நமக்கு ஞாபகம் வருவது துரத்தும் போலீஸ்காரர்களும் சாப்ளினும். சாப்ளின் அங்கே வந்து சேர்வதற்கு ஓராண்டுக்கு முன்பே அந்தக் கம்பெனியின் முகமாக இருந்தவர் மேபெல். படத்தின் தலைப்பிலேயே அவர் பெயரைப் போட்டால்தான் டிக்கெட் விற்கும் என்ற நிலை. 'மேபெலின் அது', 'மேபெலின் இது' என்று வரிசையாக வந்துகொண்டிருந்தன.

1913இல் வந்த 'மேபெல்ஸ் டிராமாடிக் கேரியர்' என்ற படத்தை முடிந்தால் உங்கள் மாணவர்களுக்குக் காட்டுங்கள். ஒரு பட்டிக்காட்டு ஆள், தான் காதலித்துக் கைவிட்ட வேலைக்காரப் பெண்ணைப் பல நாள் கழித்து ஒரு சினிமாக் கொட்டகையின் திரையில் பார்க்கிறான். திரையில் வில்லன் அவளைத் துன்புறுத்துவதைப் பார்த்ததும் பொறுக்காமல் துப்பாக்கியை எடுத்துத் திரையைச் சுடத் தொடங்கிவிடுகிறான். சினிமா பிறந்து இருபது ஆண்டுகூட ஆகாத நேரத்தில், சினிமா பார்ப்பது என்றால் என்ன என்பதையே கதையாக்கியிருக்கிறார்கள். சென்னெட் அந்த ஆளாக நடித்து இயக்க, கொட்டகைத் திரைக்குள் இருப்பவர் மேபெல்.

1913 முடியும்போது, இனி மேபெலின் படங்களை அவரே இயக்குவார் என்ற செய்தி திரைத்தொழில் பத்திரிகைகளில் வந்தது. அவர் இயக்கியவற்றில் இன்று கிடைப்பதில் மிகப் பழையது 1914 ஜனவரியில் வெளியான 'வான் இன் எ கிளாசெட்'. அதன் பிரதி ஒன்று நியூசிலாந்தின் ஆவணக் காப்பகத்தில் இருந்தது 2010இல்தான் தெரியவந்தது. உலகத்தின் மறுகோடிக்குப் போய் ஓடி முடித்த பிரதிகளைத் திருப்பி அனுப்பச் செலவாகும் என்று அங்கேயே விட்டுவிடுவார்களாம். அப்படி விட்டுப்போனதால் பிழைத்த படங்கள் பல.

இனி நீங்கள் அடிக்கடி திரையிடும் படங்களுக்கு வருகிறேன்.

'மேபெல்ஸ் ஸ்ட்ரேஞ்ச் பிரெடிகமென்ட்', 1914 பிப்ரவரி 9 அன்று வெளியானது. அதற்கு இரண்டு நாள் முன்னால் வந்த 'கிட் ஆட்டோ ரேசஸ் அட் வெனிஸ்' படத்தைத்தான் 'நாடோடி' என்ற சாப்ளினின் புகழ்பெற்ற பாத்திரத்தின் முதல் படம் என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். வெளியான தேதிப்படி அது சரி. ஆனால் முதலில் எடுக்கத் தொடங்கியது மேபெலின் படத்தைத்தான். அந்த உடையும் நடையும் உருவானது இதற்காகத்தான். ஹோட்டல் முன்கூடத்தில் குடிபோதையில் தள்ளாடும் ஆளாக சாப்ளின் வருகிறார். மேபெலின் நாய்க்குட்டிக் கயிற்றில் கால் சிக்கி விழுகிறார், எழுகிறார், மறுபடி விழுகிறார். அந்தக் காட்சி 75 அடி ஃபிலிம் நீளத்துக்கு ஓடியதாகவும், பொதுவாக நகைச்சுவைக் காட்சி ஒன்று 10 அடிக்கு மேல் போகாது என்பதால் அதை வெட்டாமல் விடுவதா என்று விவாதம் நடந்ததாகவும் சாப்ளினே தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். கடைசியில் வெட்டவில்லை.

படத்தின் நாயகி மேபெல், தலைப்பில் இருப்பதும் அவர் பெயர். அப்படியிருந்தும் அதன் ஆரம்பத்தையே புதிதாக வந்த ஒருவருக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். அந்தப் படத்தை சாப்ளினை மறந்துவிட்டு ஒருமுறை பாருங்கள். இரவு உடையோடு அறைக்கு வெளியே பூட்டிக்கொண்ட பெண், எதிர் அறையில் கட்டிலுக்கடியில் ஒளிகிறாள். அந்த அறைக்காரருக்கு மனைவி உண்டு, இவளுக்கும் ஒரு காதலன் உண்டு. இரண்டு பேரும் வந்து சேர்கிறார்கள். ஒரே ரீலுக்குள் நாலைந்து பேருடைய போக்குவரத்தைக் குழப்பமில்லாமல் காட்டவேண்டும். முன்கூடம், நடைபாதை, இரண்டு அறைகள் என்று இடம் மாறிக்கொண்டே இருந்தாலும் யார் எந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறார்கள் என்பது நமக்கு எப்போதும் தெரிகிறது. அதைச் செய்வது இயக்குநரின் வேலை.

அடுத்தது 'மேபெல் அட் தி வீல்'. சினிமா வரலாறு சொல்பவர்கள் விரும்பிச் சொல்லும் சண்டை இந்தப் படப்பிடிப்பில்தான் நடந்தது. தண்ணீர்க் குழாயை மிதித்து, தண்ணீர் ஏன் வரவில்லை என்று குழாய்க்குள் எட்டிப் பார்க்கும் வேடிக்கையைச் சேர்க்கலாம் என்று சாப்ளின் சொன்னார். நேரமில்லை, சொன்னதைச் செய்யுங்கள் என்றார் மேபெல். சாப்ளின் மறுத்து, தெருவோரமாகப் போய் உட்கார்ந்துவிட்டார். உங்களுக்கு என்னை இயக்கும் தகுதி இல்லை என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னதையும் சாப்ளின் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

நம்மவர்கள் இந்தச் சம்பவத்தைச் சொல்லும்போது, மேதையைப் புரிந்துகொள்ளாத பெண் இயக்குநர் என்ற தொனி வந்துவிடுகிறது. கொஞ்சம் நிதானமாக யோசிப்போம். ஒரு படத்தைச் சில நாளில் முடித்து அடுத்ததற்குப் போக வேண்டிய கம்பெனி அது. வெளிப்புறப் படப்பிடிப்பு, கார்ப் பந்தயக் கதை. வந்து சில வாரமே ஆன நடிகர் ஒருவர் நடுத்தெருவில் வேலையை நிறுத்துகிறார். அவர் சொன்ன குழாய் வேடிக்கையும் லூமியேர் சகோதரர்கள் 1895லேயே எடுத்துக் காட்டியதுதான். வேண்டாம் என்று மேபெல் சொன்னதில் என்ன தவறு இருக்கிறது? ஆண் இயக்குநர்கள் பலரோடும் அங்கே சாப்ளின் மோதினார். ஹென்றி லேர்மனோடு அவருக்கு இருந்த மனத்தாங்கல் ஊரறிந்தது. ஆனால் தகுதி என்ற கேள்வி மேபெல் விஷயத்தில்தான் கதையாக நிலைத்துவிட்டது.

அதே பக்கங்களில் சாப்ளின் இன்னொன்றும் எழுதியிருக்கிறார், அதை நாம் சொல்வதில்லை. அன்று துணை நடிகர்களில் ஓரிருவர் சாப்ளினை அடிக்கப் பாய்ந்தார்களாம், மேபெல்தான் தடுத்தாராம். பிறகு இரண்டு பேரும் நல்ல நண்பர்களாகிவிட்டார்கள். அந்தப் படம் முடிந்த கையோடு வந்த 'காட் இன் எ காபரே' மேபெல் இயக்கியதுதான். சாப்ளின் அதில் மலிவான கேளிக்கை விடுதியின் பணியாள், வெளியே போனால் பெரிய பிரமுகர் என்று பொய் சொல்லிப் பணக்கார வீட்டு விருந்தில் நுழைகிறார். ஏழை, கனவான் வேடம் போட்டு மாட்டிக்கொள்வது பின்னாளில் சாப்ளின் திரும்பத் திரும்ப எடுத்த கதை. அதன் ஆரம்பம் மேபெலின் இயக்கத்தில் இருக்கிறது. இதை மட்டுமாவது உங்கள் அறிமுக உரையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மேபெலிடமிருந்து சாப்ளின் என்ன எடுத்துக்கொண்டார் என்பதை நிரூபிக்க ஆவணம் எதுவும் கிடையாது. என் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்கிறேன். கீஸ்டோனுக்கு வந்த புதிதில் சாப்ளினின் நடிப்பில் உதை அதிகம், முரட்டுத்தனம் அதிகம். அடிபட்டபின் ஒரு நொடி நின்று, பார்வையாளரை நேராகப் பார்த்து, தன் சங்கடத்தைப் பகிர்ந்துகொள்ளும் அந்தப் பார்வை மேபெலின் படங்களில் ஏற்கெனவே இருக்கிறது. சிரித்துக்கொண்டிருக்கும் முகம் சட்டென்று வாடி, நமக்கும் மனசு பிசைவதும் இருக்கிறது. அந்த ஆண்டு முழுவதும் பக்கத்திலேயே நின்று நடித்தவர்கள் அவர்கள். ஒருவர் இன்னொருவரிடமிருந்து கற்காமல் இருந்திருக்க முடியாது. சாப்ளின் மேபெலுக்குக் கற்றுக்கொடுத்தார் என்று மட்டும் ஏன் நாம் எடுத்துக்கொள்கிறோம்?

1914இன் 'மேபெல்ஸ் பிளண்டர்' படத்தில் சாப்ளின் கிடையாது. எழுதி, இயக்கி, நடித்தவர் மேபெல். ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண், முதலாளியின் மகனுக்கு நிச்சயமானவள். முதலாளியும் அவள்மேல் கண் வைத்திருக்கிறார். தன் காதலன் வேறொரு பெண்ணைக் கட்டியணைப்பதைப் பார்த்துவிட்டு, கார் ஓட்டுநரின் உடையைப் போட்டுக்கொண்டு அவர்களைப் பின்தொடர்கிறாள். அந்தப் பக்கம் ஒரு ஆண் அவளுடைய உடையில் திரிகிறான். கடைசியில் அந்தப் பெண் காதலனின் தங்கை என்று தெரிகிறது. சின்னக் கதைதான். ஆனால் வேலையிடத்தில் ஒரு பெண் முதலாளியின் பார்வையை எப்படிச் சமாளிக்கிறாள், முகத்தில் சிரிப்பும் உடம்பில் விலகலுமாக எப்படி நிற்கிறாள் என்பதை 1914லேயே ஒரு பெண் எடுத்துக் காட்டியிருக்கிறார். 2009இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இந்தப் படத்தைச் சேர்த்தார்கள். திரையிட ஒரு காரணம் வேண்டுமென்றால் இதுவே போதும்.

அந்த ஆண்டின் இறுதியில் வந்த 'டில்லீஸ் பங்ச்சர்ட் ரொமான்ஸ்' ஆறு ரீல் நீளம். மேரி டிரஸ்லர் நாயகி. சாப்ளினும் மேபெலும் அவரை ஏமாற்றும் ஜோடி. இதை நீங்கள் பலமுறை காட்டியிருப்பீர்கள். அப்புறம் சாப்ளின் வேறு கம்பெனிக்குப் போய்விட, மேபெல் 'ஃபேட்டி' என்று பெயர் பெற்ற நகைச்சுவை நடிகர் ராஸ்கோ ஆர்பக்கிளோடு சேர்ந்து நடித்தார். 1916இன் 'ஃபேட்டி அண்ட் மேபெல் அட்ரிஃப்ட்' அவற்றில் என் மனதுக்கு மிக நெருக்கமானது. புதுமணத் தம்பதியின் கடற்கரை வீடு இரவோடிரவாகக் கடலில் மிதந்து போகிறது. தூங்கும் மனைவியின் நெற்றியில் கணவனின் நிழல் குனிந்து முத்தமிடும் காட்சி ஒன்று அதில் உண்டு. கீஸ்டோன் என்றாலே தடியடி என்று நினைப்பவர்களுக்கு அதைக் காட்டுங்கள்.

1916இல் மேபெலின் பெயரிலேயே ஒரு கம்பெனி தொடங்கியது, மேபெல் நார்மண்ட் ஃபீச்சர் ஃபிலிம் கம்பெனி. லாஸ் ஏஞ்சலிஸில் தனி ஸ்டுடியோவும் கட்டினார்கள். அந்தக் கட்டடம் ஃபௌண்டன் அவென்யூவில் இன்றும் நிற்கிறது. அங்கே எடுத்த ஒரே படம் 'மிக்கி'. சுரங்க ஊரில் வளர்ந்த முரட்டுப் பெண் ஒருத்தி நகரத்து உறவினர் வீட்டுக்குப் போகிறாள். பணக்காரி என்று நினைத்து வரவேற்றவர்கள், இல்லை என்று தெரிந்ததும் வேலைக்காரியாக்குகிறார்கள். கடைசியில் அவள் குதிரைப் பந்தய வீரனின் உடையில் பந்தயத்தில் இறங்குகிறாள். அவளை வளர்த்த தாயாக செயேன் பழங்குடியைச் சேர்ந்த மின்னி டெவரோ நடித்திருக்கிறார். முடித்த படம் நீண்ட நாள் பெட்டிக்குள் கிடந்து, 1918இல் வெளிவந்து நாடு முழுவதும் ஓடியது. படத்தின் பெயரில் வந்த பாட்டும் அமெரிக்கா முழுக்க ஒலித்தது. ஆனால் அந்த வெற்றி வந்தபோது மேபெல் அங்கே இல்லை. சென்னெட்டோடு நடக்கவிருந்த திருமணம் நின்றுபோயிருந்தது. தன் பெயர் போட்ட கம்பெனியை விட்டு சாமுவேல் கோல்ட்வின் என்ற தயாரிப்பாளரிடம் போய்ச் சேர்ந்திருந்தார்.

கோல்ட்வின் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல முடியாது. 1918 முதல் சில ஆண்டுகளில் ஒரு டஜனுக்கும் மேல் முழுநீளப் படங்கள் நடித்தார், அவற்றில் பெரும்பாலானவை அழிந்துவிட்டன. இது மேபெலுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2013இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவில் எடுத்த கிட்டத்தட்ட 11,000 மௌன முழுநீளப் படங்களில் 14 சதவீதம் மட்டுமே முதலில் வெளியான வடிவில் மிஞ்சியிருப்பதாகச் சொல்கிறது. நைட்ரேட் ஃபிலிம் எளிதில் தீப்பற்றும், தானாகவே மக்கிப் பொடியாகும். பேசும்படம் வந்தபின் பழையதைப் பாதுகாக்க யாரும் காசு செலவழிக்கவில்லை. மேபெல் மறுபடி சென்னெட்டிடம் வந்து நடித்த 'மோலி ஓ' ரஷ்யக் காப்பகத்தில் இருந்த பிரதியால்தான் தப்பியது.

சரி, இப்போது அந்தக் கொலை விவகாரத்துக்கு வர வேண்டும். நீங்கள் மேபெல் பெயரைச் சொன்னவுடன் கைப்பேசியில் தேடும் மாணவர் முதலில் பார்க்கப்போவது அதைத்தான். அதனால் நடந்ததை நேராகச் சொல்லிவிடுங்கள்.

1922 பிப்ரவரி 1ஆம் தேதி மாலை, வில்லியம் டெஸ்மண்ட் டெய்லர் என்ற இயக்குநரின் வீட்டுக்கு மேபெல் போனார். இருவரும் நண்பர்கள். கிளம்பும்போது டெய்லர் கார்வரை வந்து வழியனுப்பினார். மறுநாள் காலை டெய்லர் வீட்டுக்குள் சுடப்பட்டு இறந்து கிடந்தார். மேபெலை போலீஸ் விசாரித்தது, அவர்மேல் எந்தக் குற்றச்சாட்டும் வரவில்லை. அந்த வழக்கு இன்றுவரை தீரவில்லை. அதற்குச் சில மாதம் முன்புதான், ஒரு நடிகையின் மரணத்துக்காக ஆர்பக்கிள்மேல் போட்ட வழக்கு வெடித்திருந்தது. ஹாலிவுட்டே பாவக்கூடம் என்று பத்திரிகைகள் எழுதிக் குவித்துக்கொண்டிருந்த நேரம். 1924ஆம் ஆண்டின் முதல் நாளில், மேபெலின் கார் ஓட்டுநர் கோர்ட்லண்ட் டைன்ஸ் என்ற பணக்காரரைச் சுட்டுக் காயப்படுத்தினார். துப்பாக்கி மேபெலுடையது. சாப்ளினின் நாயகி எட்னா பர்வியன்ஸும் அங்கே இருந்தார். டைன்ஸ் பிழைத்துவிட்டார். ஆனால் சில ஊர்களில் மேபெலின் படங்களையே தடைசெய்தார்கள்.

இரண்டு சம்பவத்திலும் மேபெல் சுடவில்லை. சுட்டதாக யாரும் வழக்கும் போடவில்லை. செய்யாத குற்றத்துக்கு அவருடைய தொழில் தண்டனை அனுபவித்தது. இதைச் சொல்லிவிட்டு, போதைப்பொருள், ரகசியக் காதல் என்று சுற்றும் கதைகளுக்குள் போகாமல் படத்துக்குத் திரும்பிவிடுங்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கதைகளை எழுதியவர்களுக்கு அவர் நடித்த ஒரு காட்சியைக்கூட விவரிக்கத் தெரியாது.

இந்த இரண்டு சம்பவங்களுக்கும் இடையில், 1923இல் வந்தது 'தி எக்ஸ்ட்ரா கேர்ள்'. நடிகையாகும் கனவோடு ஹாலிவுட்டுக்கு வரும் சிற்றூர்ப் பெண், கடைசியில் ஸ்டுடியோவின் உடை அறையில் எடுபிடி வேலை பார்க்கிறாள். சிங்க வேடம் போட்ட நாய் என்று நினைத்து, நிஜச் சிங்கத்தைக் கயிற்றில் கட்டி ஸ்டுடியோ முழுக்க இழுத்துக்கொண்டு போவாள். அந்தச் சிங்கம் உண்மையான சிங்கம், கயிறு பிடித்திருப்பது உண்மையிலேயே மேபெல். வெளியிலே தன் பெயர் சேறாகிக்கொண்டிருந்த காலத்தில் இவ்வளவு இலகுவாக, இவ்வளவு துல்லியமாக ஒருவர் சிரிக்கவைத்திருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு அவர்மேல் மரியாதை கூடுகிறது.

1926இல் ஹால் ரோச் கம்பெனியில் சில குறும்படங்கள் நடித்தார். 'தி நிக்கல் ஹாப்பர்' படத்தில் சின்ன வேடங்களில் ஆலிவர் ஹார்டியையும் போரிஸ் கார்லாஃபையும் பார்க்கலாம். அதே ஆண்டு நடிகர் லியூ கோடியைத் திருமணம் செய்துகொண்டார். காசநோய் ஏற்கெனவே உடம்பைத் தின்றுகொண்டிருந்தது. 1930 பிப்ரவரி 23 அன்று கலிஃபோர்னியாவின் மன்ரோவியாவில் ஒரு காசநோய் மருத்துவமனையில் இறந்தார். வயது 37. பேசும்படத்தில் அவர் குரல் பதிவாகவேயில்லை.

ஏன் மறந்தோம் என்பதற்குப் பதில் இதில்தான் இருக்கிறது. சென்னெட் 1954இல் தன் கதையைப் புத்தகமாக்கினார். சாப்ளின் 1964இல் எழுதினார். 1938இல் திரை நகைச்சுவைக்கு ஆற்றிய பங்களிப்புக்காக சென்னெட்டுக்கு சிறப்பு ஆஸ்கர் கொடுத்தார்கள். மேபெலைப் பற்றி உலகம் அறிந்ததெல்லாம் இந்த இரண்டு ஆண்கள் முதுமையில் நினைவுகூர்ந்ததுதான். சென்னெட் காதலியாக நினைவுகூர்ந்தார். சாப்ளின் அழகான, எல்லாருக்கும் பிரியமான இளம்பெண்ணாக நினைவுகூர்ந்தார். கேமராவுக்குப் பின்னால் நின்று வேலை வாங்கிய பெண்ணைப் பற்றிச் சொல்ல ஆளில்லாமல் போனது. கீஸ்டோன் படங்களில் இயக்குநர் பெயர் திரையில் போடும் வழக்கமும் இல்லை. அதனால் எந்தப் படத்தை யார் இயக்கினார் என்பதில் சில இடங்களில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. சந்தேகம் வரும் இடத்திலெல்லாம் ஆண் பெயரைப் போட்டு நிரப்பும் பழக்கத்தை நாமாவது விட்டுவிடலாம்.

உங்களுக்கு இதில் பெரிய செலவு கிடையாது. இவையெல்லாம் காப்புரிமைக் காலம் முடிந்த படங்கள். 'மேபெல்ஸ் ஸ்ட்ரேஞ்ச் பிரெடிகமென்ட்', 'காட் இன் எ காபரே', 'மேபெல்ஸ் பிளண்டர்' மூன்றையும் இதே வரிசையில் காட்டினால் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சாப்ளினைப் பார்க்க வந்த பிள்ளைகள் மூன்றாவது படம் வரும்போது மேபெலைத் தேடத் தொடங்கியிருப்பார்கள். இணையத்தில் கிடைக்கும் பிரதிகள் பல, இன்றைய வேகத்தில் ஓடவிட்டவை. ஆட்கள் பொம்மைகள் மாதிரி ஓடுவார்கள், மேபெலின் முகத்தில் நடப்பது எதுவும் கண்ணில் நிற்காது. சாப்ளினின் கீஸ்டோன் படங்களை ஐரோப்பியக் காப்பகங்கள் சேர்ந்து புதுப்பித்து 2010இல் வெளியிட்ட தொகுப்பு இருக்கிறது, முதல் இரண்டு படங்களுக்கு அதைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் வேகத்தைக் குறைத்தாவது ஓட்டுங்கள். எழுத்து அட்டைகளை ஒருவர் தமிழில் உரக்கப் படித்துச் சொல்லட்டும். மௌனப்பட காலத்தில் நம் ஊர்க் கொட்டகைகளில் அப்படிச் சொல்ல ஆள் இருந்ததுதானே. சின்னப் பிள்ளைகளுக்கு அது படத்தோடு ஒட்டிக்கொள்ள உதவும்.

ஏப்ரல் 16 வந்தால் சாப்ளின் பிறந்தநாள் திரையிடல் வைப்பவர்கள் உங்களில் பலர். நவம்பர் 9 மேபெலின் பிறந்தநாள். அந்த வாரத்தில் ஒரு மாலையை அவருக்கு ஒதுக்குங்கள். அன்றைய நோட்டீசில் படத்தின் பெயருக்குக் கீழே 'இயக்கம்: மேபெல் நார்மண்ட்' என்று அச்சிடுங்கள்.

அன்புடன்,
மௌனப்படங்களை விரும்பும் ஒரு பார்வையாளர்